பள்ளிக்கூடத்தை அங்கேயே சரிசெய்வதா, ஊருக்கு வெளியே கொண்டுபோவதா: கூட்டத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் குடியாத்தத்துக்குப் பக்கம். பெயர் வேண்டாம், சண்டை இன்னும் முழுசாக ஆறவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு அறையின் கூரைப் பூச்சு பெயர்ந்து பெஞ்சு மேல் விழுந்தது. பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம், யாருக்கும் அடி இல்லை. சாயந்திரம் டீக்கடையில் ஊர் இரண்டாகிவிட்டது. "அங்கியே பழுது பாத்து வெச்சிக்கலாம்" என்று ஒரு பாதி, "பைபாஸ் பக்கம் நாலு ஏக்கர் கிடைக்குது, மொத்தமா போயிடலாம்பா" என்று ஒரு பாதி. அப்படியே இரண்டு வருஷம் பேசினோம், ஒரு செங்கல்கூட நகரவில்லை. காரணம் ரொம்பச் சின்னது. இரண்டு பக்கத்திலும் யார் கையிலும் ஒரு காகிதம் கிடையாது, பள்ளிக்கு எந்தப் பிள்ளை எந்த வழியாக வருகிறது என்று யாரும் எண்ணியதும் கிடையாது.

நான் அப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு பெற்றோராக இருந்தேன். இப்போது திரும்பச் செய்யச் சொன்னால் எந்த வரிசையில் செய்வேனோ அதை எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இதே பேச்சு ஓடுகிறது என்றால் டீக்கடைக்குப் போகும் முன் படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் கட்டடத்தைப் பாருங்கள், பயத்தோடு அல்ல

பூச்சு விழுந்தது என்றால் கட்டடமே விழப்போகிறது என்று அர்த்தமில்லை. விழாது என்றும் அர்த்தமில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைப் பார்த்து, மோசமானவற்றை இடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில் உங்கள் பள்ளியையும் யாராவது வந்து பார்த்திருக்கலாம். அந்த அறிக்கை எங்கே என்று தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். அவரிடம் இல்லை என்றால் பொதுப்பணித் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் "எங்கள் பள்ளி பாதுகாப்பாக உள்ளதா" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒற்றை வரியில் ஏதோ ஒரு பதில் வரும். ஆய்வு செய்த தேதி, அறிக்கையின் நகல், எந்த அறையைப் பூட்டச் சொன்னார்கள், பழுது மதிப்பீடு ஏதாவது தயாரித்தார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பதில் வரும் வரை நீங்களே ஒரு சுற்று சுற்றி வரலாம். பொறியாளர் வேலையை நாம் செய்ய முடியாது, ஆனால் அவர் வரும்போது எதைக் காட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கும். ஊரில் வயதான மேஸ்திரி ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். கூரைத் தளத்துக்குக் கீழே சுவரில் படுக்கைவாட்டில் ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலால் வருவது. நம்ம ஊர் மே மாத வெயிலில் தளம் நீண்டு சுருங்கும்போது சுவர் அங்கே பிரிந்துகொள்ளும், அசிங்கமாக இருக்குமே தவிர உடனே ஆபத்து கிடையாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீழே இறங்கி, அகலமாகிக்கொண்டே போகும் விரிசல் வேறு சங்கதி, அது அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைச் சொல்கிறது. சந்தேகமாக இருந்தால் விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிடுங்கள். இரண்டு மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. இது பழைய மேஸ்திரி வித்தை, காசில்லாதது. 2021 கடைசியில் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் லேசாகப் பூமி அதிர்ந்தது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு வந்த விரிசல் எது, முன்னாலேயே இருந்தது எது என்று பழைய ஆசிரியர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் தளமாக இருந்தால் ஒரு கழியால் கீழிருந்து தட்டிப் பாருங்கள். "டொக் டொக்" என்று பொக்கையாகக் கேட்கும் இடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, பூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அது ஓரிரு இடத்தில் என்றால் சரிசெய்துவிடலாம். அறை முழுக்க என்றால் அந்தத் தளத்துக்கு வயது முடிந்தது. இதற்கெல்லாம் மூல காரணம் என்ன தெரியுமா, மேலே ஏறிப் பாருங்கள். மழைநீர்க் குழாய் இலை அடைத்து, தட்டோடு பெயர்ந்து, ஓரத்தில் அரசங்கன்று ஒன்று ஆளுயரம் வளர்ந்து நிற்கும். எங்கள் பள்ளியில் நின்றது. இருபது வருஷமாக யாரும் மாடி ஏறவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு ஆளை ஏற்றிச் சுத்தம் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செருகி சுண்ணாம்பு போட்டுக் கட்டிய பழைய கூரை இருந்தால் அவசரப்பட்டு "இடி" என்று சொல்லிவிடாதீர்கள். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையைத் தோண்டிப் பாருங்கள், கரையான் அங்கேதான் தின்னும். முனைகள் கெட்டியாக இருந்தால் அந்த அறை கான்கிரீட் அறையைவிடக் குளிர்ச்சியாக இன்னும் பல காலம் நிற்கும். பொதுப்பணித் துறைப் பொறியாளர் சொல்வதோடு இரண்டாவது கருத்தும் வேண்டும் என்றால் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அங்கே கட்டடப் பொறியியல் துறையில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஊர்க்காரர்கள் பத்துப் பேராகப் போகாமல் தலைமை ஆசிரியரின் கடிதத்தோடு இரண்டு பேர் போனால் போதும்.

இந்தச் சுற்று முடிந்ததும் உங்கள் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும்: இந்த அறை பரவாயில்லை, இந்த அறை பழுது பார்க்கலாம், இந்த அறையை இன்றே பூட்ட வேண்டும். எங்கள் பள்ளியில் பதினொரு அறையில் நான்குதான் மூன்றாவது வகை. இரண்டு வருஷமாக "மொத்தப் பள்ளியும் இடியப் போகுது" என்று கத்திக்கொண்டிருந்தோம்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது

பள்ளி நிற்கும் நிலத்தின் சர்வே எண்ணை கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கி, அ-பதிவேட்டில், அதாவது கிராமத்தின் நிலக் கணக்குப் புத்தகத்தில், அது என்ன வகைப்பாடு என்று பாருங்கள். இணையத்திலேயே பார்க்கலாம். அந்தக் காலத்தில் பல பள்ளிகள் யாரோ ஒரு பெரியவர் கொடுத்த நிலத்தில் நிற்கின்றன, பத்திரம் இருந்தாலும் பட்டா மாறியிருக்காது. பத்திரம் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழசு எல்லாம் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். திருவண்ணாமலை 1989-இல் பிரிந்தது, வேலூர் 2019-இல் மூன்றானது, நடுவில் தாலுகாக்களும் மாறின. உங்கள் கிராமம் அன்றைக்கு எந்தத் தாலுகாவில், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தது என்று ஒரு பெரியவரைக் கேட்டுவிட்டுத் தேடினால் அலைச்சல் மிச்சம்.

பத்திரத்தில் "பள்ளிக்கூடம் நடக்கும் வரை" என்பது போல ஒரு நிபந்தனை வரி இருக்கலாம். அப்படி இருந்தால் பள்ளி கிளம்பின மறுநாள் வாரிசுகள் வந்து நிற்பார்கள். அந்த வரி இல்லை என்றாலும் காலியாகும் இடத்துக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதை இப்போதே கேளுங்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முக்கால் ஏக்கர் என்றால் அதற்கு ஆசைப்படாத ஆள் ஊரில் உண்டா? "பள்ளி இங்கே வேண்டாம்" என்று சத்தமாகப் பேசுகிறவரின் கடை பள்ளிச் சுவரை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்தால் பாதி வாதம் அங்கேயே புரிந்துவிடும். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளோடு ஒரு நாள் நடங்கள்

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். தலைமை ஆசிரியரிடம் தெருவாரியாக, குக்கிராமம் வாரியாக எத்தனை பிள்ளைகள் என்று ஒரு கணக்கு வாங்குங்கள், பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஒரு பெரிய சார்ட் தாளில் ஊரை வரைந்து புள்ளி வையுங்கள். அப்புறம் ஒரு வேலை நாளில் காலை எட்டு மணிக்குக் கடைசிக் குக்கிராமத்திலிருந்து பிள்ளைகளோடு பழைய பள்ளிக்கு நடந்து வாருங்கள். அடுத்த நாள் அதே இடத்திலிருந்து புது இடத்துக்கு நடங்கள். பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு "அஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்கிறவர் பேச்சை அதன் பிறகு நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

நடக்கும்போது குறிக்க வேண்டியவை: எத்தனை இடத்தில் பெரிய சாலையைக் கடக்க வேண்டும், கடக்குமிடத்தில் சுரங்கப்பாதை உண்டா, டாஸ்மாக் எங்கே, ஏரிக்கரை மேல் ஆளில்லாத நீளம் எவ்வளவு, மழைக்காலத்தில் ஓடை எந்த இடத்தில் பாதையை மறிக்கும். சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, அந்த 48-ஆம் எண் சாலை நம் மாவட்டத்தை நெடுக அறுத்துக்கொண்டு போகிறது. அதன் அந்தப் பக்கம் பள்ளியும் இந்தப் பக்கம் பிள்ளைகளும் என்று வைத்தால் தினம் இரண்டு முறை நானூறு பிள்ளைகள் லாரிக்கு முன்னால் ஓடுவார்கள். எவ்வளவு அழகான கட்டடமாக இருந்தாலும் சரி, நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர் வரை பரவாயில்லை என்று அரசுக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை மாலை நாலரைக்கு நவம்பர் மழையில் தனியாக வருவது இல்லை. "சைக்கிள்தான் குடுக்கறாங்களே" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். இலவச சைக்கிள் பதினோராம் வகுப்புக்குத்தான். ஆறு முதல் பத்து வரை மட்டும் இருக்கும் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக்கூட அது வராது! பஸ் பாஸ் உண்டு, பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் எப்படியும் டிக்கெட் இல்லை, ஆனால் பஸ் வர வேண்டுமே. காலையில் குடியாத்தம் போகும் வண்டி எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே படியில் ஆள் தொங்கும், பாதி நாள் நிற்காமல் போகும். பஸ்ஸை நம்பி இடம் மாற்றுவதாக இருந்தால் முதலில் போக்குவரத்துக் கழகத்திடம் எழுத்தில் வாங்குங்கள், எந்த எண் வண்டி, எத்தனை மணிக்கு என்று. வாய்ப் பேச்சு வேண்டாம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பொய்யாகிவிடும். ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும் கிராமங்களில் பள்ளி எங்கே நிற்கிறது என்பது வெறும் தூரக் கணக்கு இல்லை. காலனிப் பிள்ளைகள் புது இடத்துக்குப் போக எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், அந்தத் தெருவில் அவர்களுக்கு என்ன நடக்கும், சாயந்திரம் விளையாட அங்கே நிற்க முடியுமா என்று காலனிப் பெற்றோரிடம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். பொதுக்கூட்டத்தில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் ஒரு அம்மா சொன்னது: "அங்க போனா எம் பொண்ணு ஒம்பதாவதோட நின்னுடும்." காரணம் கேட்டேன், சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

புது இடத்தை எப்போது பார்ப்பது

நவம்பரில் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை. இடம் காட்டுகிறவர்கள் பிப்ரவரியில் காட்டுவார்கள், எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பாலாற்றைத் தண்ணீரில்லாத ஆறு என்று தலைமுறையாகக் கேலி பேசினோம், 2021 நவம்பரில் அது என்ன செய்தது என்று கரையோர ஊர்க்காரர்களைக் கேளுங்கள். கௌண்டன்யா ஆறும் அதே மாதம் குடியாத்தத்தில் வீடுகளைக் கொண்டுபோனது. அந்த நவம்பரில் நீங்கள் பார்க்கும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்துக் கொல்லைக்காரரைக் கேட்டால் துல்லியமாகக் கையை வைத்துக் காட்டுவார்.

வகைப்பாட்டில் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நீர்நிலையை வேறு காரியத்துக்கு மாற்றுவதை நீதிமன்றம் விடாது, நடுவில் தடை வந்து கட்டடம் தூண் மட்டத்தில் நின்றுவிடும். மேய்க்கால், அதாவது மேய்ச்சல் நிலம் என்றாலும் சிக்கல்தான். தரிசு அல்லது நத்தம் என்றால் தாசில்தார் வழியாக நில மாற்றத்துக்கு எழுதலாம், அது முடிய நாளாகும் என்பதால் அதற்கு முன்பே நிலத்தில் வேலை தொடங்க முன்நுழைவு அனுமதி கேட்பார்கள். தனியார் தானமாகத் தருகிறார் என்றால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு, அந்த நாலு ஏக்கருக்குச் சுற்றிலும் யார் நிலம் வைத்திருக்கிறார் என்றும் பாருங்கள். மனை போடுகிறவர் ஓரத்தில் பள்ளிக்கு இடம் கொடுத்தால் மிச்ச மனை எல்லாம் "பள்ளி அருகில்" என்று விலை ஏறும். அவர் கொடுப்பது தப்பில்லை, அதைப் புண்ணியக் கணக்கில் மட்டும் எழுதாமல் இருந்தால் சரி.

தண்ணீர் முக்கியம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களைச் சுற்றி நிலத்தடி நீர் கெட்டது ஊரறிந்த கதை, 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பே வந்தது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. நிழல் இன்னொரு விஷயம். பழைய பள்ளியில் இருக்கும் வேப்பமரத்துக்கும் புங்கமரத்துக்கும் யாரும் விலை போடுவதில்லை, வெட்டவெளியில் பிரேயருக்கு நிற்கும் பிள்ளை மயங்கி விழும்போதுதான் தெரியும்.

பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்னது தெளிவானால் பணத்துக்கு வழி கிடைக்கும். ஒரு மதிப்பீடு கேட்காதீர்கள், மூன்று கேளுங்கள்: பழுது மட்டும், கெட்ட அறைகளை மட்டும் இடித்து அதே இடத்தில் இரண்டு மாடியாகக் கட்டுவது, புது இடம். நடுவில் இருப்பது பெரும்பாலும் யார் வாயிலும் வராது. புது இடத்து மதிப்பீட்டில் சுற்றுச்சுவர், ஆழ்துளைக் கிணறு, கழிப்பறை, சத்துணவுக் கூடம், மின்கம்பம், சாலை எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பறைகளுக்கு மட்டும் பணம் வந்து, சுவரே இல்லாமல் ஆடுமாடோடு வருஷக்கணக்கில் நடக்கும் பள்ளியைப் பார்த்திருக்கிறேன்.

வழிகள் இவை. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், 2023 பிப்ரவரியில் இதை முதல்வர் நம் வேலூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைத்தார். நபார்டு கடனுதவியில் கட்டும் வகுப்பறைகள். எம்எல்ஏ, எம்பி தொகுதி நிதி. நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மிச்சம் அரசு போடும். 2022 டிசம்பரில் வந்த நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி வழியாக முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் கொடுக்கலாம். துபாயிலும் பெங்களூரிலும் இருக்கும் பழைய மாணவர்களிடம் கேட்பதற்கு முன் எந்த அறைக்கு எவ்வளவு என்று தாளில் காட்டுங்கள், வாட்ஸ்அப்பில் உருக்கமாக எழுதினால் கைதட்டும் படம்தான் திரும்பி வரும்.

கூட்டம்

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றாலும் உயர்நிலைப் பள்ளியிலும் குழு இருக்கிறது. ஆக, முதல் தீர்மானம் அங்கே, அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கிறது, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் திடீரென்று எழுந்து பேசாமல் முன்கூட்டியே பொருளில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கிராம சபை பெரும்பாலும் காலை பதினொரு மணி. எங்கள் பக்கம் அந்த நேரத்தில் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டோ, தறியிலோ, நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். வந்து பேசுவது பள்ளியில் பிள்ளையே இல்லாத பெரியவர்கள். அதனால் அதற்கு முந்தின வாரம் இரவு ஏழரைக்கு மேல் தெருத்தெருவாகச் சின்னக் கூட்டம் போட்டோம். சார்ட் தாளையும் அறைக் கணக்கையும் மூன்று மதிப்பீட்டையும் சுவரில் ஒட்டிவிட்டு, பேச்சாளர் யாரும் இல்லாமல், கேள்வி மட்டும் கேட்கச் சொன்னோம். பிள்ளை படிக்கும் வீட்டுக்கு ஒரு சீட்டு, மூன்று கட்டம், ஒன்றில் டிக். பெயர் எழுத வேண்டாம். மைக்கில் இடம் மாற்றச் சொன்ன சிலர் சீட்டில் வேறு மாதிரிதான் போட்டிருக்க வேண்டும், எண்ணிக்கை அப்படித்தான் வந்தது.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "பள்ளியை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் அதை யாரும் எப்படியும் வளைக்கலாம். எந்த சர்வே எண், எந்த அறைகள் இடிப்பு, எத்தனை அறை புதிது, அதுவரை வகுப்பு எங்கே என்று எழுதுங்கள். நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் போக வேண்டும், திங்கட்கிழமை மனுநாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினால் நல்லது.

கட்டும் காலத்தில்

இடம் மாறினாலும் சரி, அங்கேயே கட்டினாலும் சரி, ஒரு வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் வேறு எங்கோ உட்கார வேண்டும். புதுசு திறக்கும் வரை நல்ல நிலையில் இருக்கும் பழைய அறைகளைத் தொட விடாதீர்கள். ஒப்பந்தக்காரர் ஒரே வீச்சில் இடித்துத் தள்ளப் பார்ப்பார், அவருக்கு ஜேசிபி வாடகை மிச்சம். தற்காலிகம் என்று கீற்றுக் கொட்டகை போடும் யோசனையை யாராவது சொன்னால் கும்பகோணத்தை ஞாபகப்படுத்துங்கள், 2004-இல் பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். கல்யாண மண்டபம், சமுதாயக் கூடம், பக்கத்து நடுநிலைப் பள்ளியில் மாலை வகுப்பு, எதுவும் முடியாவிட்டால் இருக்கும் அறைகளிலேயே காலை, மாலை என்று முறை வைத்து. பத்தாம் வகுப்பை மட்டும் கடைசி வரை நகர்த்தாதீர்கள்.

எங்கள் ஊரில் நடு வழிதான் வந்தது. நான்கு அறையை இடித்துவிட்டு அதே இடத்தில் மாடிக் கட்டடம், இப்போது முதல் தளம் சென்டரிங் ஓடுகிறது.

சாமான்களை மாற்றும் நாளில் ஒரு வேலை உண்டு, நாங்கள் கோட்டைவிட்டது. அலுவலக அறை இரும்பு பீரோவில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கும். ஊரில் பாதிப் பெரியவர்களுக்குப் பிறந்த தேதிக்கு அதுதான் ஆதாரம், ஓய்வூதியத்துக்கும் சாதிச் சான்றுக்கும் அங்கேதான் வந்து நிற்பார்கள். எங்களுடையவற்றை ஒரு சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பிரித்தால் அடியில் இருந்த இரண்டு தொகுதி கரையான் மண்ணாக இருந்தது. முதல் நாளே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, மூலப் பதிவேட்டை பீரோவோடு அப்படியே தூக்குங்கள்.